குடியை விட்ட பின் தியானம்: ஏக்கத்தைக் கவனிக்கச் சொல்கிறார்கள், கவனித்தால் கூடுகிறதே?

கரைதேடி:

வணக்கம். குடியை நிறுத்திச் சில மாதங்கள் ஆகின்றன. மருத்துவமனையில் சேர்ந்து, மருந்து எடுத்து, முறையாகத்தான் நிறுத்தினேன். உடம்பு தேறிவிட்டது. பிரச்சினை சாயங்கால நேரம்தான். வேலை முடிந்து வெளியே வந்ததும் நெஞ்சுக்குள் ஒரு நமநமப்பு ஆரம்பிக்கும். வீடு போய்ச் சேர்வதற்குள் தலை முழுக்க அதே நினைப்பு.

ஆலோசகர் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி செய்யச் சொன்னார். ஏக்கம் வந்தால் விரட்டாதீர்கள், அதையே கவனியுங்கள், தானாக அடங்கும் என்றார். அதன் வேர் எங்கே என்று தேடிப் போய்ப் புத்தரின் போதனைகளைப் படிக்க ஆரம்பித்தேன். வேட்கைதான் துன்பத்துக்குக் காரணம் என்கிறார். சரி, அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் என்ன? கண்ணை மூடி உட்கார்ந்து கவனித்தால் ஏக்கம் கூடத்தான் செய்கிறது. முதல் மடக்கு தொண்டையில் இறங்குவது வரை படமாக ஓடுகிறது. தாங்க முடியாமல் எழுந்துவிடுகிறேன்.

நான் பௌத்தன் இல்லை, ஆகும் எண்ணமும் இல்லை. இந்த வழியில் மீண்டவர்கள் யாராவது இருந்தால் நடைமுறையில் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். தத்துவமும் வேண்டும்தான். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு அது எனக்கு என்ன செய்யும் என்பது முக்கியமாக வேண்டும்.

வேம்பு:

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே விஷயம் இருக்கிறது. "படமாக ஓடுகிறது" என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் கவனிப்பது ஏக்கத்தை அல்ல, ஏக்கம் சொல்லும் கதையை. கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கதையைப் பார்த்தால் அது கூடாமல் என்ன செய்யும்?

பௌத்தத்தில் பன்னிரண்டு சார்புகளின் தொடர் ஒன்று உண்டு, ஒன்றைச் சார்ந்து அடுத்தது பிறக்கும் சங்கிலி அது. மணிமேகலையில் அது தமிழிலேயே வருகிறது. அதில் நமக்கு வேண்டியது நடுவில் இருக்கும் நான்கு கண்ணிகள்: ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. மதுக்கடைப் பலகை கண்ணில் படுவது ஊறு. அந்தக் கணமே உடம்பில் ஒரு இதமோ ஒரு சங்கடமோ எழும், அது நுகர்வு. "வேண்டும்" என்று மனம் அதை நோக்கிச் சாய்வது வேட்கை. "இன்றைக்கு ஒருநாள் மட்டும், யாருக்குத் தெரியப்போகிறது" என்று திட்டம் போட ஆரம்பித்துவிட்டால் அது பற்று. உங்கள் படம் ஓடும்போது நீங்கள் பற்றில் நிற்கிறீர்கள். அங்கே நின்றுகொண்டு கவனிப்பது மிகவும் கடினம். இரண்டு படி பின்னால் வாருங்கள், நுகர்வுக்கு.

எனக்கு அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன், உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம். நாக்கின் இரண்டு ஓரங்களிலும் நீர் ஊறும். தாடை இறுகும், பின்பற்கள் ஒன்றோடொன்று அழுந்தும். விலா எலும்புகளுக்குக் கீழே பசி மாதிரி, ஆனால் பசி இல்லாத ஒரு வெறுமை. வலது கை விரல்கள் தாமாகவே லேசாக மடங்கும். என் வரையில் ஏக்கம் என்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் மனம் அதன்மேல் கட்டியது.

கண்ணைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள். உட்காரக்கூட வேண்டாம், நின்றபடி செய்யலாம். இரண்டு பாதங்களும் தரையில் அழுந்துவதை உணருங்கள். பிறகு தாடைக்குப் போங்கள். இறுக்கம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது? காது வரையா, கழுத்து வரையா? சூடாக இருக்கிறதா? துடிக்கிறதா, அப்படியே நிற்கிறதா? படம் வந்தால் மனதுக்குள் "படம்" என்று ஒருமுறை சொல்லிவிட்டுத் தாடைக்கே திரும்புங்கள். படத்தோடு சண்டை வேண்டாம். மூன்று நிமிடம் போதும். அப்புறம் ஒரு வேலையைக் கையில் எடுங்கள்.

வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஆலன் மார்லட், மறுபடி பழக்கத்துக்குள் விழுவதைத் தடுப்பது பற்றியே தன் ஆய்வு வாழ்க்கையைச் செலவிட்டவர். பௌத்த தியானத்தைத் தானும் செய்தவர். ஏக்கத்தை அலையாகப் பார்த்து அதன்மேல் சறுக்கிப் போகச் சொன்னது அவர்தான். எழும், உச்சிக்குப் போகும், இறங்கும். நாம் தீனி போடாவிட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். குடித்துக்கொண்டிருந்த காலத்தில் நாம் அந்த இறக்கத்தைப் பார்த்ததே இல்லை. ஏற்றத்திலேயே ஊற்றிவிடுவோம். அதனால்தான் ஏக்கம் முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போகும் என்று நம்பிவிட்டோம்.

இரவுப்பறவை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது மது இல்லை, ஆன்லைன் சூதாட்டம். இந்தக் "கவனி, கவனி" என்ற பேச்சில் எனக்குக் கோபமே வரும். மது குடிக்கக் கடைக்காவது போக வேண்டும். எனக்கு எல்லாம் கையில் இருக்கும் போனில் இருந்தது. இரவு இரண்டு மணிக்கு, கடனைத் திருப்பிவிடலாம் என்ற வெறியில் இருப்பவனிடம் தாடையைக் கவனி என்று சொன்னால் நடக்குமா?

எனக்கு உதவியது வேறு. செயலிகளை எல்லாம் அழித்தேன். சூதாட்டத் தளங்கள் திறக்காதபடி தடுப்பு மென்பொருள் போட்டேன், அதன் கடவுச்சொல் அக்காவிடம். வங்கிக் கணக்கும் அக்கா பொறுப்பில். இரவில் போன் படுக்கையறைக்குள் வராது. இவ்வளவையும் செய்த பிறகுதான் மனதில் கொஞ்சம் இடம் கிடைத்தது. இப்போது மூச்சைக் கவனிக்கிறேன், பிடித்திருக்கிறது. ஆனால் காப்பாற்றியது அது இல்லை, பூட்டுதான். இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் புதிதாக வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

பழையமாணவி:

இரவுப்பறவை, நீங்கள் சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன். இன்னொன்றும் சொல்கிறேன்: அந்தப் பூட்டும் தர்மப் பயிற்சிதான், புத்தர் போதித்த வழியில் சேர்ந்ததுதான். மைண்ட்ஃபுல்னெஸ் என்று இன்று தனியாக எடுத்துக் கொடுப்பதில் இந்தப் பகுதி உதிர்ந்துபோகிறது, அதுதான் என் வருத்தம்.

புத்தரின் உரைகளைத் தொகுத்த மஜ்ஜிம நிகாயத்தின் இரண்டாவது சுத்தம் (சுத்தம் என்றால் இங்கே போதனை உரை), சப்பாசவ சுத்தம், மனக்கசடுகளை நீக்கும் வழிகள் ஏழு என்கிறது. சிலவற்றைப் புரிந்துகொள்வதால் நீக்க வேண்டும், சிலவற்றைப் பொறுத்துக்கொள்வதால், சிலவற்றை விலகிப் போவதால். விலகிப் போவதற்கு உதாரணமாக மதம்பிடித்த யானை, வெறிநாய், பாம்பு, கூடவே போகத் தகாத இடங்களும் சேரத் தகாத நண்பர்களும் வருகிறார்கள். யானையின் முன்னால் நின்று மூச்சைக் கவனி என்று புத்தர் யாருக்கும் சொல்லவில்லை. கணக்கை அக்காவிடம் ஒப்படைத்தது அந்த விலகல்தான்.

அதே நிகாயத்தின் இருபதாவது சுத்தத்தைக் கரைதேடி படிக்க வேண்டும். விதக்கசண்டான சுத்தம். தியானத்தில் இருப்பவருக்குத் தீய நினைப்பு வந்து போகமாட்டேன் என்கிறது, என்ன செய்வது? ஐந்து வழிகள், ஒன்று பலிக்காவிட்டால் அடுத்தது. முதலில், அதை நல்ல நினைப்பு ஒன்றால் மாற்றிப் பார். தச்சர் ஒரு முளையை அடித்து இன்னொரு முளையை வெளியே தள்ளுவதைப் போல என்கிறது சுத்தம். முடியவில்லையா, அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று கடைசி வரை யோசி. அதுவும் முடியவில்லையா, அதைப் பொருட்படுத்தாதே, கண்ணைத் திருப்பிக்கொள். அப்புறம், அது எதிலிருந்து கிளம்பியது என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போய்ப் பார். எதுவுமே நடக்கவில்லை என்றால், பல்லைக் கடி, நாக்கை மேலண்ணத்தில் அழுத்து, மனதால் மனதை அமுக்கு.

ஆமாம், பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடிப்பதும் பட்டியலில் இருக்கிறது. கடைசியில் இருக்கிறது, ஆனால் இருக்கிறது. அப்படி ஒரு சாயங்காலத்தைக் கடத்தியவர் தியானம் தெரியாதவர் ஆகிவிடமாட்டார்.

கரைதேடியின் படத்துக்கு இரண்டாவது வழி சரியாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். உங்கள் படம் முதல் மடக்கில் நின்றுவிடுகிறது. நிறுத்தாமல் ஓடவிடுங்கள். இரண்டாவது கோப்பை, நான்காவது கோப்பை, யாருக்கோ போன் செய்து கத்துவது, காலையில் எதுவும் நினைவில்லாமல் எழுவது, வீட்டில் ஒருவரும் முகம் பார்க்காமல் இருப்பது. முழுப் படமும் ஓடட்டும். மனம் எப்போதும் முதல் காட்சியை மட்டும்தான் காட்டும்.

மாகண்டிய சுத்தத்தில் ஒரு தொழுநோயாளி வருகிறார். புண்ணைச் சொறிந்து, நெருப்புக் குழியில் சுட்டுக்கொள்கிறார், அதில் அவருக்குச் சுகம் கிடைக்கிறது. நோய் குணமானபின் அவரைப் பிடித்து அதே நெருப்பருகே இழுத்தால் திமிறி ஓடுவார். நெருப்பு அன்றும் சுட்டது, இன்றும் சுடுகிறது. நோயால் புலன்கள் கெட்டுப்போனதால்தான் அது அன்று சுகமாகத் தோன்றியது. இதை முதன்முதலில் வாசித்தபோது இரண்டு நாள் வேறு எதையும் படிக்க முடியவில்லை எனக்கு.

வேம்பு:

பழையமாணவி அக்கா சொன்ன நெருப்புக் குழிக்கு இன்றைய மூளை ஆய்வில் ஒரு துணை இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டெர்ரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் இருவரும் 1993இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். ஒன்றை "வேண்டும்" என்று இழுக்கும் அமைப்பும், அது கிடைத்தபின் "நன்றாக இருக்கிறது" என்று ரசிக்கும் அமைப்பும் மூளையில் ஒன்றல்ல. போதை நாளாக நாளாக முதலாவதைக் கூர்மையாக்குகிறது, இரண்டாவது கூடுவதில்லை. கடைசிக் காலத்தில் நான் குடித்ததில் ருசியும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. இழுவை மட்டும் முன்னைவிடப் பல மடங்கு. மனஉறுதி இல்லாதவன் என்று என்னைத் திட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வார்டுவிளக்கு:

மனநலப் பிரிவில் செவிலியாக வேலை செய்கிறேன். கரைதேடி மருத்துவமனையில் சேர்ந்து நிறுத்தியிருக்கிறார், நல்லது. ஆனால் இந்த இழையை இன்னும் தினமும் குடித்துக்கொண்டிருக்கும் ஒருவரும் படிப்பார். அவருக்காக எழுதுகிறேன்.

நீண்ட நாள் அதிகமாகக் குடித்தவர், தியானம் செய்து சமாளித்துக்கொள்ளலாம் என்று ஒரே நாளில் தானாக நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் கடும் நடுக்கம், காய்ச்சல், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது, மனக்குழப்பம் என்று போகலாம். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகும். டயஸிபாம், அல்பிரஸோலம் மாதிரி பதற்றம் தணிக்கும் மாத்திரைகளுக்குப் பழகியவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஹெராயின் போன்ற ஓபியாய்டு பழக்கத்தை விட்டவர்களுக்கு ஆபத்து வேறு பக்கம். சில வாரம் விட்டதும் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். பழைய அளவை மறுபடி எடுத்தால் மூச்சே நின்றுபோகலாம்.

இன்னொன்று. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட், ப்யூப்ரெனார்ஃபின் போன்ற, போதையிலிருந்து மீள உதவும் மருந்துகளை எடுப்பவர்கள் சிலர், மனதை மருந்தில்லாமல் சந்திக்க வேண்டும் என்று பாதியில் நிறுத்திவிட்டு வருகிறார்கள். யாரோ ஒரு தியான ஆசிரியர் சொன்னாராம். பௌத்தர்களின் ஐந்து ஒழுக்க விதிகளில் கடைசியான ஐந்தாம் சீலம் விலக்குவது நிதானத்தை இழக்கச் செய்யும் மதுவையும் போதையையும். நிதானத்தைத் திருப்பித் தரும் மருந்தை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மருந்து மாற்றம் என்றால் மருத்துவரிடம் பேசுங்கள்.

சரி, இனி நல்ல செய்தி. மார்லட்டும் அவருடன் வேலை செய்த சேரா போவனும் மற்றவர்களும் சேர்ந்து மறுபடி விழாமல் தடுக்க எட்டு வாரத் தியானப் பயிற்சி ஒன்றை வடிவமைத்தார்கள். முதல்கட்டச் சிகிச்சையை முடித்த 286 பேரை மூன்றாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு இந்தத் தியானப் பயிற்சி, ஒரு பிரிவுக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் வழக்கமான அறிவாற்றல் நடத்தை முறையிலான தடுப்புப் பயிற்சி, மூன்றாவதற்கு வழக்கமான பின்தொடர் சிகிச்சை. ஆறு மாதத்தில் முதல் இரண்டு பிரிவுகளும் மூன்றாவதைவிட நன்றாக இருந்தன. முதல் முறை மறுபடி போதை மருந்து எடுப்பதைத் தள்ளிப்போடுவதில் தியானத்தைவிட நடத்தைப் பயிற்சிதான் முந்தியது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது தியானப் பிரிவில் போதை எடுத்த நாட்களும், அளவு மீறிக் குடிப்பதும் மற்ற இரண்டையும்விடக் குறைவு. என் அனுபவமும் அதுதான்: ஆரம்பத்தில் மெதுவாகத்தான் தெரியும், நாள்பட நிலைக்கும்.

கரைதேடியின் கேள்விக்கு இன்னும் நேரான பதில் புகைபிடிப்பவர்களிடம் நடந்த ஆய்வில் இருக்கிறது. ஆய்வாளர் ஜட்சன் ப்ரூவரின் குழு 88 பேரிடம் செய்து 2011இல் வெளியிட்டது. பதினேழாவது வாரத்தில் கவனப் பயிற்சி பெற்றவர்களில் 31 சதவீதம் பேர் புகைக்காமல் இருந்தார்கள், வழக்கமான பயிற்சி பெற்றவர்களில் 6 சதவீதம். எனக்கு அந்த எண்ணைவிட முக்கியமாகப் பட்டது வேறு. வீட்டிலும் பயிற்சியைத் தொடர்ந்தவர்களுக்கு ஏக்கம் உடனே குறைந்துவிடவில்லை. ஏக்கத்துக்கும் சிகரெட்டை எடுப்பதற்கும் இடையே இருந்த பிணைப்புத்தான் முதலில் தளர்ந்தது. ஏக்கம் அதன் பின்னர்தான் தணிந்தது. ஆகவே உட்கார்ந்தும் ஏக்கம் அடங்கவில்லை என்பதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது இருக்கும்போதே நீங்கள் கடைக்குப் போகாமல் இருந்தீர்கள் அல்லவா, பயிற்சி வேலை செய்யும் இடம் அதுதான்.

கரைதேடி:

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டர் எழுதியதில் கடைசிப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏக்கம் போனால்தான் பயிற்சி சரியாக நடக்கிறது என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேம்பு அண்ணா சொன்னபடி நின்றுகொண்டு, கண்ணைத் திறந்து செய்து பார்த்தேன். எனக்குத் தாடையில் ஒன்றும் இல்லை. தொண்டைக் குழியில் ஒரு அடைப்பு, நெஞ்சின் இடது பக்கம் ஒரு சூடு. அந்தச் சூட்டுக்கு ஓரம் இருக்கிறதா என்று பார்க்கப் போனால் ஓரம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒருமுறை அது இறங்குவதைக் கண்ணெதிரே பார்த்த மாதிரி உணர்ந்தேன். எல்லா நாளும் அப்படி இல்லை. நேற்று பழையமாணவி அக்கா சொன்ன கடைசி வழிதான் கைகொடுத்தது.

ஆனால் இப்போது வேறொன்று. சாயங்காலம் தணிந்தால் இரவில் அது வருகிறது. நான் செய்ததெல்லாம். பிள்ளையின் பள்ளி விழாவுக்கு எந்த நிலையில் போனேன் என்பது. அம்மாவிடம் பேசிய வார்த்தைகள். உட்கார்ந்தால் ஒவ்வொன்றாக வரிசை கட்டி வருகின்றன. இது என் கர்மவினை, அனுபவித்துத்தான் தீர வேண்டும் என்று தோன்றுகிறது. அந்த எண்ணம் வந்ததும் குடிக்கத்தான் தோன்றுகிறது.

பழையமாணவி:

தம்பி, கர்மம் என்பதை நீங்கள் தண்டனைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். புத்தர் கர்மம் என்று சொன்னது எண்ணத்தோடு செய்யும் செயலை. இந்தக் கணம் நீங்கள் எடுக்கும் முடிவும் அதில் சேரும். பழையதெல்லாம் அப்படியே அனுபவித்துத் தீர்க்க வேண்டும் என்றால் விடுதலைக்கு வழியே இருக்காது என்று அவரே மறுத்திருக்கிறார். அங்குலிமாலன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அத்தனை பேரைக் கொன்றவன் பிக்கு ஆகிறான். பிச்சைக்குப் போன ஊரில் கல்லடி பட்டு ரத்தம் ஒழுக வந்து நிற்கிறான். பொறுத்துக்கொள் என்கிறார் புத்தர். பின்விளைவு இருந்தது, ஆனால் அவன் பாதை அடைபடவில்லை.

செய்ததை நினைத்து மனம் புழுங்குவது, குக்குச்சம் என்பார்கள், தியானத்தின் ஐந்து தடைகளில் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. வெட்கமும் தீவினைக்கு அஞ்சுவதும் வேறு. அவை உலகைக் காக்கும் இரண்டு காவல்கள் என்கிறது தர்மம். எது எது என்று பிரித்தறிய எனக்குத் தெரிந்த வழி, அந்த உணர்வு உங்களை எங்கே கொண்டுபோகிறது என்று பார்ப்பதுதான். அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்க வைத்தால் அது காவல். பாட்டிலிடம் கொண்டுபோனால் அது புழுக்கம்.

புத்தர் தன் மகன் ராகுலனுக்குச் சொன்னது இன்னும் எளிது. ஒன்றைச் செய்யும் முன் யோசி, செய்யும்போது யோசி, செய்த பின்னும் யோசி. தீங்கு என்று தெரிந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் திறந்து சொல், இனி அடக்கமாக இரு. தன்னைத் தானே அடித்துக்கொள் என்று அதில் எங்கும் இல்லை. இரவில் வரிசையில் வருபவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துத் தாளில் எழுதுங்கள். பகலில், தெளிவான நேரத்தில், ஒருவரிடம் அதைச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே இரவில் தீர்க்க வேண்டாம்.

மழைக்கிளி:

இதையும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு இரவில் வருவது குற்ற உணர்வு மட்டும் இல்லை. எனக்குச் சிறுவயதில் நடந்தவை இருந்தன, அதை மறைக்கத்தான் மாத்திரைகள். மாத்திரையை விட்ட கொஞ்ச நாளில் ஒரு பத்து நாள் மௌன முகாமுக்குப் போனேன். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து, தினம் பத்து மணி நேரம் போல உட்கார்ந்து, தலை முதல் கால் வரை உடம்பைக் கவனிக்க வேண்டும். பலருக்கு அது வாழ்க்கையையே மாற்றியிருக்கிறது, மறுக்கவில்லை. எனக்கு உடம்பின் ஒவ்வொரு பகுதியும் பழையதைத் திறந்துவிட்டது. பேசவும் ஆள் இல்லை. பாதியில் வெளியே வந்தேன்.

இப்போது மனநல நிபுணர் ஒருவரிடம் தொடர்ந்து போகிறேன். தியானம் நடந்துகொண்டே செய்கிறேன், கண்ணைத் திறந்து, பாதத்தை மட்டும் கவனித்து. திகில் எழுந்தால் நிறுத்தி, சுற்றிலும் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பார்ப்பேன். அதுவும் கவனம்தான் என்று நிபுணர் சொன்னார். புதிதாக விட்டவர்கள் நீண்ட முகாமுக்கு அவசரப்படாதீர்கள். போவதானால் உங்கள் கதையை விண்ணப்பத்திலேயே முழுதாக எழுதுங்கள்.

திண்ணைநிழல்:

நான் இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம். என் கணவர் பலமுறை விட்டார், பலமுறை ஆரம்பித்தார். இப்போது தியானம் செய்கிறார். வீட்டுச் செலவு பற்றிக் கேட்டால் "எதிலும் பற்று வைக்காதே" என்கிறார். நான் அழுதால் "இது உன் மனதின் துக்கம், கவனி" என்கிறார். குடித்த காலத்தில்கூட இப்படி வலித்ததில்லை. கருணை என்றால் நான் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு போவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையமாணவி:

இல்லை அம்மா. அது பற்றின்மை இல்லை.

சமநிலைக்கு இரண்டு பகைகள் உண்டு என்று விசுத்திமக்கம் என்ற பழைய பௌத்த உரைநூல் சொல்கிறது. விருப்பு வெறுப்பு தூரத்துப் பகை, பார்த்தாலே தெரிந்துவிடும். அக்கறையற்ற மரத்துப்போன நிலை பக்கத்துப் பகை. சமநிலை மாதிரியே தோற்றம் தரும், அதனால்தான் ஆபத்து. அடுத்தவர் கண்ணீருக்கு முன்னால் தத்துவம் பேசுவது அந்த இரண்டாவது வகை. இல்லறத்தாருக்கான கடமைகளைப் புத்தர் சிகாலோவாத சுத்தத்தில் விரிவாகவே சொல்கிறார். மனைவியை மதிப்பதும், வீட்டுப் பொறுப்பை அவளிடம் நம்பி ஒப்படைப்பதும் அதில் வருகின்றன. குடியால் வரும் ஆறு கேடுகளில் முதலாவதாக அதே சுத்தம் சொல்வது கண்முன்னே கரையும் பணத்தை. செலவு பற்றிக் கேட்பது உங்கள் உரிமை.

கருணைக்கும் பக்கத்துப் பகை உண்டு, அது துயரத்தில் தானும் மூழ்கிப்போவது. அவருடைய கடனை அடைப்பது, அவருக்காகப் பொய் சொல்லி விடுப்பு வாங்குவது இதெல்லாம் கருணையில் வராது. எல்லோருக்கும் நன்மை விரும்பும் மைத்திரி தியானம் தன்னிடமிருந்துதான் தொடங்கப்படுகிறது. நீங்கள் தனியாக இருக்கிறீர்களா, பேச ஆள் இருக்கிறார்களா? குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டங்கள் பல இடங்களில் நடக்கின்றன. அவர் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

வேம்பு:

திண்ணைநிழல் அம்மாவின் பதிவை இங்கே மீண்டுகொண்டிருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். ஒருவர் மீள்கிறாரா என்பது அவர் உட்காரும் நேரத்தில் தெரியாது, வீட்டில் இருப்பவர்களிடம் பேசும் விதத்தில்தான் தெரியும். புத்தர் வகுத்த எண்வகை மார்க்கத்தில் நல்வாய்மையும் நற்செய்கையும் நல்வாழ்க்கையும் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்து நேராகச் சமாதிக்கு, அதாவது மன ஒருமைக்கு, போக வழி கிடையாது. இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இரவுப்பறவை:

பழையமாணவி அக்கா, பூட்டைப் பற்றி நீங்கள் எழுதியது மனதுக்கு நிறைவாக இருந்தது. ஒரு கேள்வி. நான் எல்லாவற்றையும் தனியாகத்தான் செய்கிறேன். கூட்டத்துக்குப் போகத் தயக்கம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மாதிரிக் குழுக்களின் பன்னிரண்டு படிகளில் கடவுளிடம் ஒப்படைக்கச் சொல்கிறார்கள், எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. தனியாகவே தொடர்ந்தால் ஆகாதா?

பழையமாணவி:

புத்தரின் சீடர் ஆனந்தர் ஒருமுறை அவரிடம் வந்து, நல்ல நட்பு என்பது இந்த வாழ்க்கையில் பாதி என்றாராம். அப்படிச் சொல்லாதே ஆனந்தா, அது முழுவதும் என்றார் புத்தர். சம்யுத்த நிகாயம் என்ற இன்னொரு தொகுப்பில் இருக்கிறது. போதைப் பழக்கம் ரகசியத்தில் வளர்வது. தனியாக விடுவதும் ரகசியமாகவே இருந்துவிட்டால் சறுக்கும் நாளில் பிடிக்க ஆள் இருக்கமாட்டார்கள். கடவுள் தேவைப்படாத கூட்டங்களும் இருக்கின்றன. ரெக்கவரி தர்மா என்ற அமைப்பு 2019இல் தொடங்கியது, சேர்ந்து தியானம் செய்து, சேர்ந்து பேசுகிறார்கள், இணையத்திலும் கூடுகிறார்கள். பன்னிரண்டு படிக் கூட்டத்துக்கும் போய்க்கொண்டு தர்மத்தையும் கடைப்பிடிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அந்தக் கூட்டத்தையே தங்களைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் அக்காவே உங்கள் முதல் சங்கம்தான். இன்னும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வார்டுவிளக்கு:

சறுக்கும் நாள் பற்றி ஒரு சின்ன விஷயம். ஒரு கோப்பை குடித்துவிட்டவர் "எல்லாம் போச்சு, இனி எதற்கு" என்று பாட்டிலையே முடிப்பதை மார்லட் தனியாகப் பெயரிட்டே ஆராய்ந்தார். முதல் கோப்பையைவிட அந்த "எல்லாம் போச்சு"தான் ஆளை விழத்தட்டும். சீலத்தைப் பயிற்சி விதியாகத்தான் எடுக்கிறோம், உடைந்தால் மறுபடி எடுக்கலாம். அன்றைக்கே, அந்த நிமிடமே, யாரையாவது போனில் கூப்பிடுங்கள்.

கரைதேடி:

அம்மாவிடம் பேசினேன். ஒன்றே ஒன்றைத்தான் சொன்னேன், பழையமாணவி அக்கா சொன்ன மாதிரி. அம்மா அதிகம் பேசவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார்கள்.

வேலை முடிந்து கிளம்பும் முன் இப்போது ஏதாவது சாப்பிட்டுவிடுகிறேன், பசியோடு அந்தத் தெரு வழியே போவதில்லை. வேறு வழியாகப் போகிறேன், பத்து நிமிடம் கூடுதல். திண்ணைநிழல் அம்மா, உங்கள் பதிவை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். நீங்களும் சில நேரம் அப்படித்தான் பேசுகிறீர்கள் என்றாள். இனி அவள் சொல்வதை முழுதாகக் கேட்ட பிறகுதான் வாய் திறப்பது என்று முடிவு எடுத்திருக்கிறேன்.

சிஸ்டரிடம் ஒரு கேள்வி. தூக்கம் இன்னும் சரியாக இல்லை. ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அப்போது உட்கார்ந்து தியானம் செய்யலாமா, மாத்திரை ஏதாவது எடுக்கலாமா?

வார்டுவிளக்கு:

நீங்களாக வாங்கி எதையும் போடாதீர்கள். தூக்க மாத்திரைகளில் பல, மது வேலை செய்யும் அதே இடத்தில்தான் வேலை செய்கின்றன. அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் சொல்லுங்கள், பழக்கமாகாத வகை இருக்கிறது. குடியை விட்டபின் தூக்கம் சீராகப் பல மாதங்கள்கூட ஆகும், அதனால் பயப்பட வேண்டாம். விழிப்பு வந்தால் படுத்தபடியே மூச்சு வெளியே போவதை மட்டும் கவனியுங்கள். தூங்கத்தான் வேண்டும் என்று அதை ஒரு வேலையாக்காதீர்கள். மனக்கலக்கம் கூடினால் எழுந்து விளக்கைப் போட்டு, கொஞ்சம் நடந்துவிட்டு வந்து படுங்கள். காபி, டீ எல்லாம் மதியத்தோடு நிறுத்திப் பாருங்கள்.